கெய்ரோவின் முதிய குதிரைகளும் டொரத்தி புரூக் அம்மையாரும்

சென்ற வருடம் எங்கள் வகுப்பில் ஒரு வேலை தரப்பட்டது. நற்பணி செய்து மறைந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை ஒவ்வொருவரும் எழுதிக்கொண்டு வர வேண்டும். தோழியர் பலர் புளோரன்ஸ் நைட்டிங்கேலையும் மேரி கியூரியையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் இரண்டு நாட்களாக எவரும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் ஒரு பழைய புகைப்படம் கண்ணில் பட்டது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய ஒரு முதிய குதிரை தலையைத் தொங்கவிட்டு நின்றது. அதன் கீழே டொரத்தி புரூக் என்ற பெயரும் கெய்ரோ நகரின் பெயரும் இருந்தன.

அந்தக் குதிரையைப் பார்த்ததும் எங்கள் அப்பாவின் நினைவு வந்தது. எங்கள் வீட்டில் வாப்பாவின் தகப்பனாரை அப்பா என்றே அழைப்போம். அவர் முல்லைத்தீவு மாவட்டத்தில் நீராவிப்பிட்டியைச் சேர்ந்தவர். இளமையில் வண்டில் வைத்திருந்தவர். செம்பன், மயிலை என்று இரண்டு எருதுகளும் ஒரு பால்மாடும் அவரிடம் இருந்தன என்பதை வாப்பும்மா சொல்லித்தான் அறிவோம். அப்பா அவற்றைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவரும் குடும்பத்தோடு புத்தளம் போனார். மாடுகள் போகவில்லை. எங்கள் வீட்டுக் கதை அந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடும்.

ஆகவே டொரத்தி அம்மையாரைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தேன். நான் படித்தறிந்ததை முதலில் சொல்கிறேன்.

டொரத்தி 1883ஆம் ஆண்டு பிறந்தார். ஸ்கொட்லாந்து வழிவந்த வசதியான குடும்பம். அந்தக் காலத்து வசதி படைத்த குடும்பப் பெண்கள் பலரையும் போல அவரும் குதிரைகளோடு வளர்ந்தார். இளவயதில் நடந்த முதல் திருமணம் நிலைக்கவில்லை. பின்னர் 1926இல் ஜெஃப்ரி புரூக் என்ற குதிரைப்படை அதிகாரியை மணந்தார். ஜெஃப்ரி குதிரையேற்றத்தில் பெயர் பெற்றவர். அது பற்றி நூல்களும் எழுதியவர். 1930இல் எகிப்தில் இருந்த பிரித்தானியக் குதிரைப்படைக்குப் பொறுப்பாக அவர் நியமிக்கப்பட்டார். மனைவியும் உடன் சென்றார். அப்போது டொரத்திக்கு வயது 47. அந்த வயதில் தொடங்கிய வேலைதான் அவருடைய பெயரை இன்றுவரை வாழ வைத்திருக்கிறது.

அவர் கெய்ரோவில் கண்டதை விளங்கிக்கொள்ள, அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னே போக வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதலாம் உலகப் போரில் எகிப்திலும் பலஸ்தீனத்திலும் பிரித்தானியப் படைகள் துருக்கியப் படைகளோடு போரிட்டன. இங்கிலாந்திலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் கொண்டுவரப்பட்டன. பாலைவனத்தில் அவை பட்ட பாடு சொல்லி முடியாது. 1917 ஒக்டோபர் 31ஆம் திகதி நடந்த பீர்ஷெபாச் சண்டையில், ஏறக்குறைய இரண்டு நாட்கள் தண்ணீர் காணாத குதிரைகளும் ஓடின. இரவில் வீரர்கள் தங்கள் குதிரைகளின் அருகிலேயே படுத்து உறங்கினார்கள். தாய் தந்தையரையும் ஊரையும் விட்டு வந்த இளைஞர்களுக்கு, மனம் விட்டுப் பேசக்கூடிய உறவாக அந்த வாயில்லாத ஜீவன்களே இருந்தன.

போர் முடிந்தது. மனிதர்கள் வீடு திரும்பினார்கள். குதிரைகளைத் திருப்பிக் கொண்டுபோவதற்குக் கப்பற் செலவு அதிகம். நோய் பரவும் என்ற அச்சமும் இருந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து பல நாடுகளின் போர்முனைகளுக்கும் அனுப்பப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளில், சாண்டி என்ற ஒன்றே ஒன்றுதான் தாய்நாடு திரும்பியது. எகிப்தில் மட்டும் சுமார் 20,000 குதிரைகள் விற்கப்பட்டன. தன் குதிரை எவரிடம் போய் என்ன பாடுபடுமோ என்று அஞ்சி, அதைத் தன் கையாலேயே சுட்டுவிட்ட வீரர்களும் இருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

விற்கப்பட்ட குதிரைகள் கல் ஏற்றும் வண்டில்களையும் பாரவண்டில்களையும் இழுத்தன. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறிப் போயின. வயது ஏற ஏற விலை குறைந்தது. விலை குறையக் குறைய, இன்னும் வறியவர் வாங்கினார். டொரத்தி கெய்ரோவின் தெருக்களில் அவற்றைக் கண்டபோது எல்லாம் கிழடு தட்டியிருந்தன. பல குதிரைகளுக்கு இருபது வயதுக்கு மேல். சிலவற்றுக்குக் கண் தெரியாது. சிலவற்றுக்குக் கால் ஊன்ற முடியாது.

அவை போர்க்குதிரைகள் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? பிரித்தானிய இராணுவத்துக் குதிரைகளின் பின்புறத்தில் அம்புக்குறி ஒன்று சுடப்பட்டிருக்கும். உரோமம் உதிர்ந்து தோல் சுருங்கிய பின்னும் அந்தக் குறி அழியவில்லை. அதைப் பார்த்தே அவர் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்.

அவர் தொடக்கத்தில் வாங்கிய குதிரைகளில் ஒன்றுக்கு ஓல்ட் பில் என்று பெயரிட்டார். நான் பார்த்த படத்தில் இருந்தது அதுதான். அதன் நிலை அவரை விட்டு அகலவில்லை. ஒன்றின் நிலை இதுவென்றால் நகரம் முழுவதிலும் உள்ள மற்றவற்றின் நிலை என்ன என்ற கேள்வி அவரை உறங்கவிடவில்லை. அவரிடமிருந்த பணம் சில குதிரைகளை வாங்கவே போதுமாக இருந்தது. ஆகவே 1931ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனில் வெளிவந்த மோர்னிங் போஸ்ட் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டுக்காகப் போரில் உழைத்த குதிரைகள் இப்படிக் கிடக்கின்றன, அவற்றின் கடைசி நாட்களையாவது அமைதியாக்க உதவுங்கள் என்பதே அதன் சாரம். அக்கடிதத்தை வாசித்த மக்கள் பணம் அனுப்பினார்கள். போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்தக் கடன் பலர் நெஞ்சில் தீராமல் இருந்திருக்கிறது.

அவர் ஒரு குழுவை அமைத்தார். குதிரைகளை வைத்திருக்க இடம் தேடினார். சொந்தக்காரர்கள் தங்கள் குதிரைகளைக் கொண்டுவந்து விற்கத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகளில் 5,000 குதிரைகள் வாங்கப்பட்டன.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். குதிரைகளை வைத்திருந்தவர்கள் மீது அவர் வெறும் கோபம் கொண்டிருந்தால் அந்த வேலை நடந்திராது. அவர்கள் அன்றாடம் உழைத்து உண்ணும் ஏழைகள். குதிரை ஒரு நாள் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. குதிரை பட்டினி கிடந்த வீட்டில் பிள்ளைகளும் பட்டினி கிடந்தார்கள். டொரத்தி இதை உணர்ந்திருந்தார். ஒரு குதிரையைப் பறித்துக்கொண்டு போனால் அந்தக் குடும்பம் இன்னும் கீழே விழும். ஆகவே சொந்தக்காரர் வேறொரு நல்ல மிருகத்தை வாங்கத்தக்க விலையைக் கொடுத்தே அவர் குதிரையைப் பெற்றார். மிருகத்தின் மீது இரக்கம், மனிதன் மீது வெறுப்பு என்று அவர் தராசை ஒரு பக்கம் சாய்க்கவில்லை.

வாங்கிய குதிரைகளை அவர் என்ன செய்தார்? இதை எழுதுவது எனக்குக் கடினமாக இருந்தது. மிகப் பெரும்பாலானவை மீண்டும் நலம் பெற முடியாத நிலையில் இருந்தன. அவற்றுக்குச் சில நாட்கள் ஓய்வு கொடுத்தார். நல்ல தீனி கொடுத்தார். தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தார். தரையில் தடிப்பாக வைக்கல் போட்டுப் படுக்கை செய்தார். கற்தரையிலேயே பல ஆண்டுகள் நின்று பழகிய குதிரைகள் அவை. அதன் பின்னர் வேதனை தெரியாமல் அவற்றின் உயிர் முடிக்கப்பட்டது. ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் இறந்த பின்னர் அக்குறிப்புகள் நூலாகவும் வந்தன.

வாங்கி முடித்ததும் பணி முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. போர்க்குதிரைகள் போனாலும் கெய்ரோவில் பாரம் இழுக்கும் குதிரைகளும் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றுக்கு வைத்தியம் பார்க்க ஏழைகளிடம் காசு இல்லை. 1934இல் அவர் கெய்ரோவில் முதிய போர்க்குதிரை நினைவு வைத்தியசாலையை நிறுவினார். ஏழைகளின் மிருகங்களுக்கு அங்கே இலவச வைத்தியம். சையிதா ஸைனப் பகுதியில் அந்த வைத்தியசாலை இன்றும் இயங்குகிறது. கணவரின் எகிப்துப் பணி முடிந்த பின்னரும் டொரத்தி அந்நகரோடு கொண்ட தொடர்பை விடவில்லை. 1955ஆம் ஆண்டு ஜூன் மாதம் கெய்ரோவிலேயே காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய பணி இன்று புரூக் என்ற அவர் பெயரிலேயே இந்தியா, பாகிஸ்தான் உட்படப் பல நாடுகளில் நடக்கிறது.

கட்டுரையை எழுதி முடித்த அன்று பின்னேரம் அப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவருக்குக் கண்பார்வை குறைவு. வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். தலையசைத்தார். நான் வாசித்தேன். அம்புக்குறி வரும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எத்தனை வருடம் கழித்து அந்தக் குறியைக் கண்டார்கள் என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் என்றேன். அதன் பின் நெடுநேரம் பேசவில்லை.

வன்னியில் மாடு வளர்ப்போர் அனைவருக்கும் குறிசுடுதல் தெரியும். காட்டில் மேயும் மாடு எவருடையது என்று அறிய, சொந்தக்காரரின் பெயரெழுத்தைக் காய்ச்சிய இரும்பால் தொடையில் சுடுவார்கள். செம்பனுக்கும் மயிலைக்கும் அப்பாவின் எழுத்துச் சுடப்பட்டிருந்ததாம். அன்றுதான் அவர் முதன்முறையாக அதைச் சொன்னார். ஊரை விட்டுப் போன நாளில் எல்லோரும் உடுபிடவையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மாட்டுக்காலைக்குப் போனார். மூன்றினதும் கயிற்றை அவிழ்த்துவிட்டார். கட்டியே வைத்தால் பட்டினியில் சாகும். அவிழ்த்துவிட்டால் காட்டில் பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணினார். ஆனால் மயிலை போகவில்லை. படலை வரை அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றது. அவர் கல்லெடுத்து எறிந்து அதைத் துரத்தினார். அதன் மீது அவர் எறிந்த முதற்கல்லும் கடைசிக் கல்லும் அதுதான்.

நான் முதலாம் தரத்தில் சேரும் வயதில் எங்கள் குடும்பம் புத்தளத்திலிருந்து ஊர் திரும்பியது. அந்த நாட்களில் அப்பா காலையில் எழுந்து காட்டுக்கரையோரம் நடந்து போவார். வளவைத் துப்புரவாக்கத் தடி தேடுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரோ கண்ட மாட்டின் தொடையையெல்லாம் பார்த்திருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் எருது உயிரோடிருக்காது என்பதும், இடையில் நடந்த போரில் மனிதர்களே மிஞ்சவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் பார்த்தாராம்.

மீதியையும் வாசித்தேன். குதிரைகளின் உயிர் முடிக்கப்பட்ட இடத்தில் அப்பா வருந்தினார். உயிரைக் கொடுத்தவன் எடுக்கட்டுமே, அந்தப் பெண்பிள்ளை ஏன் அப்படிச் செய்தார் என்றார். நான் எனக்கு விளங்கிய அளவில் சொன்னேன். தப்பவே முடியாத வேதனையை நீட்டிக்க அவருக்கு மனம் வரவில்லை. அதைச் செய்யும்போது அவரும் அழுதவர்தான் என்றேன். அப்பா அதை ஏற்றுக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை. அந்தச் சில நாள் வைக்கல் படுக்கை நல்லது என்று மட்டும் சொன்னார். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் குதிரைகளை வாங்கிய அந்த அம்மையாரும் மாட்டின் மீது கல்லெறிந்த எங்கள் அப்பாவும் தம் முன்னிருந்த வழிகளுள் நோவு குறைந்ததையே தேடினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிருகங்களோடு வாழும் மனிதர் அடையும் ஆறுதல் புதிய செய்தி அன்று. பூனைக்குட்டியின் மீது கொண்ட அன்பினால் அபூஹுரைரா என்றே பெயர் பெற்ற நபித்தோழரை நாம் அறிவோம். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் வரலாற்றை மத்ரஸாவில் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் ஆதியாத் அத்தியாயத்தை மனனம் செய்திருக்கிறோம். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த டென்மார்க்குப் பெண் லிஸ் ஹார்டெல், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தவருக்குக் குதிரையே கால்களாயிற்று. அதன் பின்னர் உடல் ஊனமுற்றோருக்குக் குதிரையேற்றம் ஒரு சிகிச்சையாகப் பல நாடுகளில் பரவியது.

நமக்கு அண்மையிலும் உதாரணம் உண்டு. நெடுந்தீவில் அந்நியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் தாமாகத் திரிகின்றன. மன்னாரில் பாரம் சுமந்த கழுதைகள், லொறிகள் வந்த பின்னர் கவனிப்பாரின்றித் தெருவில் விடப்பட்டன. வாகனங்களில் அடிபட்டும் நோயுற்றும் திரிந்த அவற்றுக்கென அங்கே ஒரு சிகிச்சை நிலையம் அமைக்கப்பட்டது. விசேட தேவையுடைய பிள்ளைகளை அந்தக் கழுதைகளோடு பழகவிட்டு ஆறுதல் பெறச் செய்யும் பணியும் அங்கு நடந்திருக்கிறது. நாம் வேண்டாம் என்று விட்ட மிருகம் நம் பிள்ளைக்குத் துணையாகி நிற்கிறது.

கட்டுரையை வகுப்பில் வாசித்தேன். பல பெண்மணிகளின் வரலாற்றோடு அதுவும் ஒன்றாகப் போயிற்று. ஆனால் வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் கிழட்டு எருது ஒன்று சில மாதங்களாகத் திரிந்தது. இப்போது வயலுக்கும் வண்டிலுக்கும் உழவு இயந்திரம் வந்துவிட்டதால் வேலையில்லாது விடப்பட்டது போலும். முன்பெல்லாம் அது படலையடிக்கு வந்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஊர் திரும்பிய பின்னர் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட வளர்க்க அவர் சம்மதித்ததில்லை. நான் வாசித்துக் காட்டிய மறுநாள் அஸர் தொழுகை முடிந்து வந்தவர், வாளியில் தண்ணீர் எடுத்துப் படலைக்கு வெளியே வைத்தார். எருது முதலில் வரவில்லை. அவர் விலகி நின்றதும் வந்து குடித்தது. அடுத்த நாள் தண்ணீரோடு சிறிது தவிடும் வைத்தார்.

இது எவருடைய மாடு அப்பா என்று கேட்டேன். தொடையில் இருந்த குறியைத் தடவிப் பார்த்தார். வேறு எவருடையவோ எழுத்து என்றார். சொந்தக்காரர் தேடி வந்தால் கொடுத்துவிட வேண்டும், அதுவரை தண்ணீர் வைப்போம் என்றார். இன்றுவரை எவரும் தேடி வரவில்லை. பின்னேரம் ஆனால் எருது படலையடிக்கு வந்துவிடும். அப்பா கதிரையைப் படலைக்கு அருகில் போட்டுக்கொள்வார். இருவரும் பேசிக்கொள்வதில்லை. மஃரிப் பாங்கு சொல்லும்வரை இருவரும் அப்படியே இருப்பார்கள்.

டொரத்தி அம்மையாரின் வைத்தியசாலையைப் போன்ற ஒன்றை நிறுவ எங்களால் இயலாது. ஒரு வாளித் தண்ணீர் எங்களால் வைக்க இயலும். வாசிக்கும் தோழியர் வீட்டுப் படலையிலும் ஏதாவதொன்று வந்து நிற்கக்கூடும். அதைத் துரத்துமுன் ஒரு கணம் அதன் முகத்தைப் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.